கண்ணைக் கடைசியில் வரையுங்கள்

முகம் வரையப் பழகும் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வியின் சுருக்கம் இது. நான்கு மாதங்களாகப் பென்சிலில் முகம் வரைந்து பழகுகிறார். கண், மூக்கு, வாய் என்று தனித்தனியாக வரைந்தால் பார்க்கும்படி இருக்கிறது. அவற்றைச் சேர்த்து முகமாக்கினால் யாரோ ஒருவர் வந்து நிற்கிறார். எதிரே இருப்பவரின் ஜாடை வரவில்லை. எல்லா முகங்களும் ஒன்றுபோலவே அமைந்துவிடுகின்றன. எங்கிருந்து தொடங்குவது, புகைப்படத்தை ஒற்றி எடுத்துப் பழகுவது தப்பா, நாற்பதை நெருங்கும் வயதில் இனிக் கை படியுமா என்று மூன்றையும் சேர்த்துக் கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கை ஏற்கெனவே படிந்துதான் இருக்கிறது. ‘ஞ’ எழுதத் தெரிந்த கைக்கு ஒரு மூக்கை வரைவது பெரிய வித்தை இல்லை. அந்த எழுத்தில் எத்தனை வளைவு, எத்தனை திருப்பம், எந்த இடத்தில் நிறுத்தி எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். முகம் வரைய அதைவிட நுட்பமான கையசைவு தேவைப்படுவதில்லை. குறை பார்ப்பதில் இருக்கிறது.

தொடக்கத்தில் இருப்பவர் வரைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால் இது தெரியும். எதிரே இருப்பவரை இரண்டு விநாடி பார்க்கிறார், பிறகு அரை நிமிடம் தாளையே பார்த்து வரைகிறார். அந்த அரை நிமிடம் முழுக்க அவர் வரைவது தலைக்குள் இருக்கும் சின்னத்தை. கண் என்றால் வாதுமைக் கொட்டை வடிவம், நடுவில் முழு வட்டம், மேலே கம்பி கம்பியாக இமைமயிர். வாய் என்றால் மேலே இரண்டு வளைவு, கீழே ஒன்று. ஐந்தாறு வயதில் நாம் எல்லோரும் உண்டாக்கிக்கொண்ட இந்தச் சின்னங்கள் பின்னால் கொஞ்சம் மெருகேறியிருக்கும், அவ்வளவுதான். எல்லா முகமும் ஒன்றுபோல இருப்பதற்குக் காரணம் இதுவே: மாடல் மாறினாலும் சின்னம் மாறுவதில்லை.

இதை நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம். குளியலறைக் கண்ணாடியில் ஒரு சோதனை செய்து பாருங்கள். கை நீட்டினால் கண்ணாடி எட்டும் தூரத்தில் நேராக நில்லுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். தலையை அசைக்காமல், துடைத்தால் போகிற மார்க்கர் பேனாவாலோ ஒரு சிறு சோப்புத் துண்டாலோ கண்ணாடியின் மேலேயே உங்கள் முகத்தின் வெளிக்கோட்டை வரையுங்கள். தலைமயிரை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உச்சி எங்கே என்று ஒரு கோடு, மோவாய்க்கு ஒரு கோடு, கண்களின் மூலைகளுக்கு நான்கு புள்ளி, மூக்கின் அடிக்கு ஒன்று, உதடுகள் சேரும் இடத்துக்கு ஒன்று. முடிந்ததும் விலகி நின்று பாருங்கள்.

முதல் அதிர்ச்சி அளவு. கண்ணாடியில் இருக்கும் முகம் உங்கள் முகத்தில் சரிபாதிதான். உச்சியிலிருந்து மோவாய் வரை உங்கள் தலை 22 செ.மீ. என்றால், வரைந்தது 11 செ.மீ. அளவில் நிற்கும். பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால், நீங்கள் முன்னால் நிற்கும் அதே தொலைவில் இருப்பதாகக் கணக்கு. அதனால் நடுவில் இருக்கும் கண்ணாடிப் பரப்பில் எப்போதும் பாதி அளவே விழும். எவ்வளவு விலகி நின்றாலும் இந்தப் பாதி மாறாது. தினமும் பல் துலக்கும்போது இதைப் பார்த்துக்கொண்டிருந்தும் நாம் கவனித்ததில்லை.

இரண்டாவது அதிர்ச்சிதான் நமக்கு வேண்டியது. ஒரு ஸ்கேலை எடுத்து உச்சிக்கோட்டுக்கும் மோவாய்க்கோட்டுக்கும் நடுப்புள்ளியைக் குறியுங்கள். கண்கள் அங்கே, அல்லது அதற்கு மிக அருகில் இருக்கும். தலையின் சரிபாதி உயரத்தில் கண். உங்கள் நான்கு மாதப் படங்களில் ஏதாவது ஒன்றை எடுத்து இதே அளவை எடுத்துப் பாருங்கள். கண் மேலே ஏறி, உச்சியிலிருந்து மூன்றில் ஒரு பங்கிலேயே இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். நெற்றியையும் மயிரையும் நம் மனம் வெற்றிடமாக எண்ணுகிறது. அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, ஆகவே இடமும் வேண்டாம் என்று சுருக்கிவிடுகிறது. கண், மூக்கு, வாய் மூன்றும் சுவாரசியமானவை. அவற்றைத் தாராளமாகப் பரப்பி வைக்கிறது. நெற்றி சுருங்கிய முகம் முகமூடிபோல இருப்பது இதனால்தான்.

இனி அளவுகள். இவை புதியவை அல்ல. முகத்தை நெற்றி மயிர்க்கோட்டிலிருந்து புருவம் வரை, புருவத்திலிருந்து மூக்கின் அடி வரை, அங்கிருந்து மோவாய் வரை என்று மூன்று சம பங்காகப் பிரிப்பதை ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிவைத்தார். 6ஆம் நூற்றாண்டில் இந்திய வானியல் அறிஞர் வராகமிகிரர், சிலைகளுக்கு அளவு சொல்லும்போது நெற்றி, மூக்கு, மோவாய் மூன்றுக்கும் தலா நான்கு அங்குலம் என்கிறார். வெவ்வேறு மண்ணில் வேலை செய்தவர்கள் ஒரே கணக்கில் வந்து நிற்கிறார்கள்.

இத்துடன் இன்னும் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கண் மட்டத்தில் தலையின் அகலம் ஏறத்தாழ ஐந்து கண்ணின் அகலம். இரண்டு கண்ணுக்கும் நடுவே ஒரு கண் அளவு இடைவெளி. உதடுகள் சேரும் கோடு மூக்கின் அடிக்கும் மோவாய்க்கும் நடுவில் இராது. மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் இருக்கும். காது புருவ மட்டத்தில் தொடங்கி மூக்கின் அடியில் முடியும். கண்ணின் உள்மூலையிலிருந்து நேர்க்கீழே ஒரு கோடு விட்டால் மூக்கு மடலின் ஓரத்தைத் தொடும். நேராகப் பார்க்கும் கண்ணின் பாவையிலிருந்து விட்டால், சிரிக்காத வாயின் மூலைக்கு அருகில் வந்து சேரும்.

இதை மனப்பாடம் செய்து, ஒவ்வொரு முகத்தையும் இதற்குள் அடைத்தால் மறுபடியும் எல்லோரும் ஒரே அச்சில் வந்துவிடுவார்கள். இந்த அளவுகள் உங்களுக்குச் சொல்வது சராசரியை. சராசரி முகம் உலகத்தில் யாருக்கும் கிடையாது. ஒருவரின் முகவெட்டு என்பது அவர் இந்தக் கணக்கிலிருந்து எங்கே, எவ்வளவு விலகுகிறார் என்பதுதான். ஆகவே எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்ததும் பென்சிலைத் தொடாமல் ஒரு நிமிடம் இந்த விலகல்களைத் தேடுங்கள். இவருக்கு மூக்கு சராசரியைவிட நீளமா? மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே இடம் அதிகமா? கண்களின் இடைவெளி ஒரு கண்ணைவிடக் கூடுதலா, குறைவா? தாடை அகலமா? இப்படி மூன்று விஷயம் கிடைத்தால் போதும். கேலிச்சித்திரக்காரர்கள் செய்வதும் இதையேதான்; அவர்கள் அந்த மூன்றையும் இழுத்துப் பெரிதாக்குகிறார்கள், நீங்கள் உள்ளபடி வைக்கப் போகிறீர்கள். ஜாடை இங்கேதான் இருக்கிறது. இமைமயிரில் இல்லை.

குழந்தைகளுக்கு மட்டும் கணக்கே வேறு. மண்டை பெரிது, தாடை இன்னும் வளரவில்லை. ஆகவே கண்கள் பாதிக்கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும், நெற்றி பெரிதாகத் தெரியும். குழந்தையை வரைந்தால் குள்ளமான பெரியவர்போல வருகிறது என்று பலர் குறைப்படுவது, கண்ணைப் பாதியிலேயே வைத்ததால் வந்தது.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழகத் தொடங்கிய காலத்தில் வீட்டில் மூத்தவர் ஒருவரை ஐந்து மாலைகள் உட்கார வைத்து வரைந்தேன். முதல் மாலை முழுவதும் இடது கண்ணுக்கே போய்விட்டது. இமைமயிர், கண்ணில் விழுந்த ஜன்னல் வெளிச்சம், இமைச் சுருக்கம் என்று பொறுமையாகச் செய்தேன். உண்மையிலேயே அழகான கண். மூன்றாம் மாலை மூக்கை வரையும்போதுதான் அந்தக் கண் ஒரு செ.மீ. வெளியே தள்ளி இருப்பது தெரிந்தது. அழித்திருக்க வேண்டும். அழிக்க மனம் வரவில்லை. கண்ணுக்குத் தக்கபடி மூக்கை நகர்த்தினேன், மூக்குக்குத் தக்கபடி வாயை, வாய்க்குத் தக்கபடி தாடையை. ஐந்தாம் மாலை அவர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “கண்ணு ரொம்ப நல்லா இருக்கு. இது யாரு?” என்று கேட்டார்.

தலைப்பில் சொன்னது இந்த அனுபவத்தின் பலன். கண் எங்கே இருக்கிறது என்பதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைத் தீட்டுவதை ஒத்திப்போடுங்கள். மனம் வராத அளவுக்கு எதையும் சீக்கிரமாக அழகாக்கிவிடக் கூடாது. முதல் பத்து நிமிடத்தில் தாளில் இருப்பவை எல்லாம் தயங்காமல் அழிக்கக்கூடிய மெல்லிய கோடுகளாகவே இருக்கட்டும்.

நேராகப் பார்க்கும் முகத்துக்கு நான் கையாளும் வரிசை இது. முட்டை வடிவத்தில் தலை. மோவாய்ப் பக்கம் சற்று ஒடுங்கியது. உச்சியையும் மோவாயையும் இரண்டு கோட்டால் கட்டிவிடுவேன், பிறகு அவை நகரக் கூடாது. நடுவில் செங்குத்தாக ஒரு கோடு. தலை கொஞ்சம் சாய்ந்திருந்தால் இந்தக் கோடும் சாயும். எதிரே இருப்பவரின் மூக்குத்தண்டோடு பென்சிலைப் பிடித்துப் பார்த்தால் சாய்வு தெரிந்துவிடும். அடுத்து கண், மூக்கடி, வாய் ஆகிய மூன்றுக்கும் குறுக்குக் கோடுகள். இந்த நிலையில் முகம் ஒரு பூட்டிய வீடுபோல இருக்கும், உள்ளே யாரும் இல்லை. பரவாயில்லை. இப்போதுதான் அளக்க வேண்டும்.

அளப்பது எப்படி என்றால்: கையை முழுக்க நீட்டி, முழங்கை மடங்காமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பென்சிலைப் பிடியுங்கள். பென்சில் நுனி எதிரே இருப்பவரின் கண்ணின் ஒரு மூலையிலும் உங்கள் கட்டைவிரல் நகம் மறுமூலையிலும் வரட்டும். இது ஒரு கண் அளவு. இதை வைத்து மற்றவற்றை அளக்கலாம்: மூக்கு இத்தனை கண் நீளம், வாய் இத்தனை கண் அகலம். முழங்கை மடங்கினால் அளவுகோலே மாறிவிடும். பாதிப் பேர் தவறுவது இங்கேதான். அளந்ததைத் தாளில் உள்ள கண் அளவோடு ஒப்பிட்டு மாற்றுங்கள். இரண்டு மூன்று முறை இப்படித் திருத்தியபின், இன்னும் கண்ணோ மூக்கோ ஒழுங்காக வரையாத நிலையிலேயே, பூட்டிய வீட்டுக்குள் ஆள் நடமாட்டம் தெரியத் தொடங்கும்.

தாள் எப்படி இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். மேசையில் தட்டையாக வைத்து வரைந்தால் தாளின் மேல்பகுதி உங்கள் கண்ணிலிருந்து தள்ளி, சரிந்து, குறுகித் தெரியும். அதை ஈடுகட்ட நீங்கள் அறியாமலேயே நெற்றிப் பக்கத்தை நீட்டிவிடுவீர்கள். படத்தை நிமிர்த்திப் பார்த்தால் நீண்டுபோன முகம். பலகையில் தாளைப் பொருத்தி, சாய்த்து, பார்வைக்கு நேராக வைத்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

இப்போது ஒத்திப்போட்ட கண்ணுக்கு வருவோம். கண் ஓர் உருண்டை. இமைகள் அதன்மேல் போர்த்திய தோல். இது மனதில் இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும். ஒருவரின் கண்ணைக் கிட்டத்தில் பாருங்கள். கருவிழி முழு வட்டமாகத் தெரிவதில்லை. மேலிமை அதன் மேல்பகுதியைக் கொஞ்சம் மறைக்கிறது, கீழிமை அதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. முழு வட்டமும் தெரிந்தால் அவர் பயந்துபோய் விழிக்கிறார் என்று பொருள். தொடக்கப் படங்களில் எல்லோரும் திடுக்கிட்டிருப்பது இதனால்தான். மேலிமைக்கு ஒரு தடிமன் உண்டு, அதன் நிழல் விழியின்மேல் விழும். அந்த மெல்லிய நிழலை வைத்ததும் கண் முகத்துக்குள் உட்கார்ந்துவிடும். கீழிமைக்கும் தடிமன் உண்டு, ஆனால் அது மேலே பார்த்தபடி இருப்பதால் வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிறது. ஈரமாக மினுங்கும் ஒரு சிறு விளிம்பு. கீழிமையைக் கறுப்புக் கோடாக இழுத்தால் மை தீட்டிய கண்ணாகிவிடும். உள்மூலையில் ஒரு சிறு சதைத் துணுக்கு இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். வெள்ளைவிழி என்று பெயரே தவிர அது வெள்ளை இல்லை. உருண்டையின் இரு ஓரமும் சாம்பல் படிந்திருக்கும். தாளின் தூய வெள்ளையைக் கருவிழிமேல் விழும் ஒளிப்புள்ளிக்கென்று மிச்சம் வையுங்கள். இமைமயிரைக் கடைசிக்கும் கடைசியில், இமையின் விளிம்பிலிருந்து, சில இடங்களில் கொத்தாக, சில இடங்களில் விட்டுவிட்டு. எண்ணி எண்ணி வரைந்தால் சீப்புபோல ஆகிவிடும்.

மூக்குக்குக் கோடு கிடையாது. நேராகப் பார்க்கும்போது மூக்கின் இரு பக்கத்திலும் உண்மையில் எந்தக் கோடும் இல்லை. வெளிச்சம் மாறும் இடம்தான் இருக்கிறது. நுனியில் ஓர் உருண்டை, இரு பக்கமும் மடல்கள், அடியில் நிழல். துவாரங்களைக் கரும்பொட்டாக வைக்காமல், நிழலின் சற்று அழுத்தமான பகுதியாக மட்டும் காட்டுங்கள்.

வாயில் முக்கியமானது உதடுகளின் வெளிக்கோடு என்று நினைக்கிறோம். உதடுகள் சேரும் கோடுதான் முக்கியம். அது நேர்க்கோடு அல்ல. நடுவில் சிறிது இறங்கி ஏறி, மூலைகளில் அழுந்தி முடிகிறது. மேலுதடு பெரும்பாலும் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் இருண்டிருக்கும், கீழுதடு வெளிச்சத்தைப் பிடிக்கும். கீழுதட்டின் வெளிக்கோட்டை வரையாமல் அதன் அடியில் உள்ள நிழலை மட்டும் வைத்துப் பாருங்கள், உதடு தானே எழும்பி நிற்கும். சிரிப்பில் பல் தெரிந்தால் பல்லுக்குப் பல் கோடு போடாதீர்கள். ஒற்றை வெண்மைப் பட்டையாக விட்டு, ஈறு ஓரத்திலும் வாய் மூலையிலும் மட்டும் சிறிது இருட்டினால் போதும். நான் பார்த்த கெட்டுப்போன உருவப்படங்களில் பாதி, பல்லில் கெட்டவை. முதல் ஆறு மாதம் வாயை மூடியவர்களையே வரையுங்கள் என்பேன்.

தலைமயிர் ஒரு மொத்தைத் திரள். முதலில் அதன் வெளிச்சப் பக்கம், இருட்டுப் பக்கம், பிறகு ஓரத்தில் நாலைந்து இழை. காதில் பார்ப்பவர் கண் நிற்பதில்லை, இடம் சரியாக இருந்தால் போதும்.

நிழலுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன், இது எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவரை ஒற்றை விளக்கின் கீழ், வெளிச்சம் மேலிருந்து சற்றுப் பக்கவாட்டில் விழும்படி உட்கார வையுங்கள். கண்ணைப் பாதி சுருக்கிப் பாருங்கள். விவரங்கள் மறைந்து, கீழ்நோக்கிய பரப்புகள் எல்லாம் இருண்டு தெரியும்: புருவத்தின் கீழே கண்குழிகள், மூக்கின் அடி, மேலுதடு, கீழுதட்டின் அடி, மோவாயின் அடி. இந்த ஐந்தை மட்டும், ஒரு கோடும் போடாமல், பென்சிலைப் படுக்க வைத்து ஒரே சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக வையுங்கள். படத்தைச் சுவரில் சாய்த்து நான்கடி தள்ளி நின்று பார்த்தால், ஐந்து திட்டுகளும் சேர்ந்து ஒரு முகமாகிவிடும். இடம் சரியாக இருந்தால், அது அவருடைய முகமாகவே இருக்கும். கோட்டை நம்பி இருப்பவர்களுக்கு இது ஒரு சின்ன அதிசயம்.

கறுத்த நிறத்தவரை வரையும்போது மட்டும் ஒரு கவனம். நிறம் காட்டவேண்டும் என்று முகம் முழுக்க ஒரே சீராகப் பென்சிலை ஓட்டிவிட்டால் வடிவம் செத்துவிடும். அப்படிப்பட்ட தோலில் நெற்றி, மூக்கு நுனி, கன்ன எலும்பு ஆகிய இடங்களில் ஒளி பளிச்சென்று தெறிக்கும். அந்த இடங்களை முதலிலேயே விட்டுவைத்துவிட்டு மற்றதைத் தீட்டுங்கள்.

புகைப்படம் பார்த்து வரைவதில் தவறில்லை, ஆனால் எந்தப் படம் என்று பார்க்க வேண்டும். கைபேசியைக் கை தூரத்தில் பிடித்து எடுத்த செல்ஃபி வேண்டாம். அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்பதால் மூக்கு ஊதி, காதுகள் பின்வாங்கிவிடும். 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, சுமார் 30 செ.மீ. தொலைவில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம், ஒன்றரை மீட்டரில் எடுத்ததைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாகத் தெரியும் என்று கணக்கிட்டது. நீங்கள் உண்மையாக வரைந்தும் ஜாடை வராமல் போக இந்த ஒன்றே போதும். நேராக ஃபிளாஷ் அடித்து எடுத்த படமும் உதவாது. மேலே சொன்ன ஐந்து நிழல்களையும் அது துடைத்து எடுத்துவிடும்.

புகைப்படத்தில் ஒரு வசதி, அதைத் தலைகீழாகத் திருப்பலாம். தலைகீழ் முகத்தை நம் மூளையால் சரியாகப் படிக்க முடிவதில்லை. 1980-ல் உளவியலாளர் பீட்டர் தாம்சன், மார்கரெட் தாட்சரின் படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் வெட்டித் தலைகீழாக ஒட்டிக் காட்டினார். முழுப் படத்தையும் தலைகீழாகப் பிடித்தால் பெரிதாக ஒன்றும் தவறாகத் தெரியாது. நேராகத் திருப்பினால் கோரமாக இருக்கும். முகம் என்று அடையாளம் காணும் திறமை தலைகீழில் தூங்கிவிடுகிறது என்பதே இதன் பொருள். நமக்கு அந்தத் தூக்கம் லாபம். ‘இது கண்’ என்று சொல்லிச் சின்னத்தை எடுத்து நீட்டும் மனம் அப்போது வாயை மூடிக்கொள்ளும். இந்த வளைவு அந்தக் கோட்டை எங்கே தொடுகிறது என்று மட்டும் பார்ப்பீர்கள். வாரம் ஒரு படம் இப்படி வரையுங்கள். முடிக்கும்வரை நேராகத் திருப்பிப் பார்க்கக் கூடாது, ஆசையாக இருக்கும்.

ஒற்றி எடுப்பது பற்றிக் கேட்டீர்கள். 1525-ல் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் வெளியிட்ட அளவியல் நூலில், எதிரே அமர்ந்திருப்பவரைக் கண்ணாடிப் பலகை வழியே ஒற்றைக் கண்ணால் பார்த்து அந்தக் கண்ணாடியிலேயே வரையும் ஓவியர் ஒருவரின் படம் இருக்கிறது. ஆகவே வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒற்றி எடுத்தால் கோடு தாளுக்கு வருகிறதே தவிர, கண்ணுக்கு வருவதில்லை. நூறு முகத்தை ஒற்றியபின்னும் நூற்றியோராவதை உங்களால் பார்த்து வரைய முடியாது. நான் சொல்லும் முறை இதற்கு நேர்மாறானது: முதலில் பார்த்து வரையுங்கள், முடிந்தபின் அதே அளவில் எடுத்த புகைப்படத்தின்மேல் மெல்லிய தாளை வைத்து ஒற்றி, அதை உங்கள் படத்தின்மேல் போட்டுப் பாருங்கள். எங்கே விலகினீர்கள் என்று தெரியும். நாலைந்து முறை செய்தால் உங்கள் தவறுக்கு ஒரு பழக்கம் இருப்பது புரியும். எனக்கு எப்போதும் மூக்கு நீளும். உங்களுக்கு வேறொன்றாக இருக்கும். கட்டம் போட்டு வரைவதும் இதே சங்கதிதான். கட்டங்களைப் படத்துக்குப் படம் பெரிதாக்கிக்கொண்டே போய், கடைசியில் நடுக்கோடும் கண்கோடும் மட்டும் மிஞ்சும்படி செய்தால் உபயோகம்.

திரும்பிய முகங்களுக்கு இப்போதே போக வேண்டாம் என்றாலும் இரண்டு வரி. முக்கால்வாசி தெரியும்படி திரும்பிய முகத்தில் நடுக்கோடு வளைந்து ஒரு பக்கம் ஒதுங்கும். தூரக் கண் கிட்டக் கண்ணைவிடக் குறுகலாக இருக்கும். நம் மனம் இரண்டையும் சமமாக்கவே பார்க்கும், விடாதீர்கள். முகம் மேலே நிமிர்ந்தால் காது கண்ணைவிடக் கீழே இறங்கும், குனிந்தால் மேலே ஏறும். பக்கவாட்டு முகத்தில் எல்லோரும் பின்மண்டையை வெட்டிவிடுகிறார்கள். காது தலையின் நடுக்கோட்டுக்குச் சற்றுப் பின்னால்தான் தொடங்குகிறது, அதற்குப் பின்னால் இன்னும் கணிசமான மண்டை இருக்கிறது.

கருவிகளில் பணத்தைக் கொட்டாதீர்கள். ஹெச்பி, 2பி, 4பி என்று மூன்று பென்சில், ஓரளவு சொரசொரப்பான தாள், பிசைந்து உருட்டக்கூடிய ரப்பர் ஒன்று. விரலால் நிழலைத் தேய்க்க வேண்டாம்; விரலின் எண்ணெய்ப் பசை தாளில் ஏறிவிட்டால் அந்த இடம் பிறகு அழியாது, மேலே பென்சிலும் பிடிக்காது. தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய முகம், மெழுகு பொம்மை முகம்.

பயிற்சிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது, கண்ணாடியில் எப்போதும் ஒருவர் இருக்கிறார். ஓவியர் வான்கா பாரிசில் இருந்த 1886 முதல் 1888 வரையிலான இரண்டு ஆண்டுகளில் தன்னையே இருபத்தைந்து தடவைக்கு மேல் தீட்டினார். மாடலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பது ஒரு காரணம். நீங்கள் தினமும் இருபது நிமிடம் ஒதுக்கினால், அதில் பத்து நிமிடம் இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக ஐந்து முகம்: முட்டை, நடுக்கோடு, மூன்று குறுக்குக் கோடு, ஐந்து நிழல், அவ்வளவுதான், அடுத்த தாள். மீதிப் பத்து நிமிடம் ஒரே ஒரு முகத்தைத் தொடருங்கள், அது முடிய ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். தாள்களைத் தேதி போட்டு வையுங்கள். வரைந்ததைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். இடவலம் மாறியதும், இதுவரை பழகிப்போயிருந்த கோணல் பளிச்சென்று தெரியும். இரண்டு கண்ணும் ஒரே கோட்டில் இல்லை என்பதை நான் பெரும்பாலும் அப்படித்தான் கண்டுபிடிக்கிறேன்.

வீட்டில் இருப்பவர்களிடமும் காட்டுங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. “என்னமோ சரியில்லை” என்றால் நிச்சயம் ஏதோ சரியில்லை. மனிதர்கள் முகத்தைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள். “கண்ணு சரியில்லை” என்று இடத்தைக் குறிப்பிட்டுச் சொன்னால் மட்டும் உடனே கண்ணை அழித்துவிடாதீர்கள். பென்சிலை எடுத்துக் கண்ணுக்கும் புருவத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை முதலில் அளந்து பாருங்கள், பிறகு இரு கண்களுக்கும் நடுவே உள்ளதை. பெரும்பாலும் கண் நன்றாகத்தான் இருக்கும், புருவம் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.